குழிக்குள் யார் இறங்குவது?

வாசகர்களே, கழிவுநீர் பம்பைப் பற்றிய கட்டுரை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். செம்பனை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் பிள்ளைகளில் பலர் இன்றும் ஆலைகளில்தான் வேலை பார்க்கிறார்கள். பம்பு அடைத்துக்கொண்டால் நாற்றம் பிடித்த குழிக்குள் இறங்குகிறவர் மானேஜர் அல்ல. உங்கள் கணவராகவோ மகனாகவோதான் இருப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நீர் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டன் வரை கழிவுநீர் வரும். பார்ப்பதற்குப் பழுப்பு நிறக் கஞ்சி மாதிரி இருக்கும். நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தான். மீதியில்தான் வினை: பழச் சக்கையின் நார், மணல், ஓட்டுத் தூள், கொஞ்சம் எண்ணெய். ஆலையை விட்டு வரும்போது 80, 90 டிகிரிச் சூடு, புளிப்பும் உண்டு.

ஒரு காலத்தில் இதை அப்படியே ஆற்றில் விட்டார்கள். ஆற்றோரம் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மீன் செத்து மிதந்த கதையைச் சொல்வார்கள். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் எழுதப்பட்டு, 1978 ஜூலையில் நடப்புக்கு வந்தன. நீரிலுள்ள அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும் என்று ஒரு கணக்கு உண்டு, பி.ஓ.டி. என்பார்கள். பச்சைக் கழிவில் அது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். முதல் ஆண்டில் 5,000 என்று வரம்பு வைத்து, படிப்படியாக இறக்கி, 1984-இல் 100 ஆக்கினார்கள். ஆலைகள் வரிசையாகக் குளங்கள் வெட்டின. கழிவைக் குளத்துக்கு ஏற்ற, அடியில் படியும் சேற்றை இறைக்க, எல்லாவற்றுக்கும் பம்பு வேண்டியதாயிற்று. சட்டத்தை எழுதியவர்கள் கோலாலம்பூரில் இருந்தார்கள், அதை ஓட்டியது பம்புதான் என்று எங்கள் போர்மன் சொல்லிச் சிரிப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பம்புக் கடையில் முதல் கேள்வி, "எத்தனை குதிரைச்சக்தி வேணும்?" என்பதுதான். அடுத்தது விலை. நாம் திருப்பிக் கேட்க வேண்டியது வேறு: "இதற்குள் எவ்வளவு பெரிய கட்டி நுழைந்து வெளியே வரும்?"

தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற பம்பைத் திறந்து பாருங்கள். உள்ளே சுழலும் சக்கரத்தில் வழிகள் குறுகலாக இருக்கும். நல்ல தண்ணீருக்கு அது அருமையான ஏற்பாடு, கரண்டும் மிச்சம். நார் கலந்த நீரை அதில் விட்டால், சக்கரத்தின் விளிம்பில் நார் சுற்றிக்கொள்ளும். அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் மணல். கோயில் தேர்வடம் மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றுவிடும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், சும்மா கிடந்த தண்ணீர்ப் பம்பு ஒன்றைச் சேற்றுக் குழியில் மாட்டச் சொன்னார்கள். புதுப் பம்பு வாங்கும் காசு மிச்சம் என்பது மேலிடத்துக் கணக்கு. ஒரு ஷிப்டில் இரண்டு தடவை அடைக்கும். ஒவ்வொரு தடவையும் ஓர் ஆள் ஏணி வைத்து இறங்கி, கையால் நாரைப் பிய்த்தெடுக்க வேண்டும். ஒரு நாள் அப்படி இறங்கிய இளைஞன், "அண்ணே, தலை சுத்துது" என்று சொன்னான். அடுத்த பேச்சு இல்லை. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் இழுத்துப் போட்டோம். பிழைத்துக்கொண்டான். அன்று அந்தக் கயிறு இல்லாதிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அழுகும் சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கொஞ்சமாக இருந்தால்தான் நாற்றம். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் ஒன்றும் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குகிறவன் செத்தான். காற்றைவிடக் கனமானதால் குழிக்குள்ளேயே தங்கும். ஒருவர் விழுந்தால் காப்பாற்ற ஓடுகிறவரும் விழுவார். இத்தகைய அடைபட்ட இடங்களுக்கென்றே நம் நாட்டில் நடைமுறை விதி இருக்கிறது. எழுத்தில் அனுமதி வேண்டும், வாயுவை அளந்து பார்க்க வேண்டும், மேலே ஒருவர் காவல் நிற்க வேண்டும். இவை இல்லாமல் இறங்கச் சொன்னால் உங்கள் பிள்ளை மறுக்கட்டும். வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

அப்படியானால் எந்தப் பம்பு? நார் கலந்த நீருக்கு, சக்கரம் பின்னால் ஒதுங்கி நிற்கும் சுழல் பம்பு நல்லது. சக்கரம் நீரைச் சுழற்றிவிடும். அந்தச் சுழியிலேயே கட்டியும் நாரும் சக்கரத்தில் அதிகம் படாமல் வெளியேறிவிடும். சிலவற்றில் 3 அங்குலக் கட்டிகூடப் போகும். குறை என்னவென்றால் கரண்டு அதிகம் தின்னும். தின்னட்டும் என்பேன் நான். அடைப்பெடுக்க ஆளை இறக்கும் செலவை எந்தப் பில்லில் எழுதுவார்கள்?

கெட்டியான சேற்றுக்கு மோனோ பம்பு. முறுக்கிய இரும்புத் தண்டு ஒன்று ரப்பர் உறைக்குள் சுழன்று, சேற்றைத் தள்ளிக்கொண்டே போகும். ஆனால் சேறில்லாமல் வெறுமனே ஓடவிட்டால் சில நிமிடங்களிலேயே ரப்பர் கருகிவிடும். மணல் அதிகமென்றால் ரப்பரும் தேயும், தண்டும் தேயும்.

சூட்டையும் மறக்கக் கூடாது. நீரில் மூழ்கி ஓடும் சாதாரண பம்புகள் 40 டிகிரி வரைக்குமே தாங்கும். ஆலையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் கழிவுக்கு மோட்டார் வெளியே இருக்க வேண்டும். பம்பும் நீர்மட்டத்துக்குக் கீழே, பக்கத்துக் காய்ந்த குழியில் இருக்க வேண்டும். மேலே வைத்து உறிஞ்சச் சொன்னால், சூட்டு நீர் பாதி வழியில் ஆவியாகிப் பம்பு வெறுமனே கத்தும். ஆறிப்போன பின்குளங்களுக்கு மூழ்கும் பம்பு தாராளம்.

எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் வேறு மாதிரிக் கூத்து. சோறு, வாழையிலைக் கிழிசல், மாலை நூல், குழம்பு எண்ணெய் எல்லாம் ஒரே குழிக்குப் போகும். மலிவான பம்பு ஒன்று வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒரு கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கைகழுவப் போகும் நேரத்தில் எல்லாம் பின்வாங்கித் தரையில் ஓடியது. பிறகு, அரைத்துத் தள்ளும் வெட்டுக்கத்திப் பம்பு போட்டார்கள். எண்ணெயை முன்னாலேயே தடுக்க ஒரு தொட்டியும், கரண்டி விழாமலிருக்க ஒரு வலையும் வைத்தார்கள். கரண்டி விழுந்தால் கத்தி போச்சு.

போன மாதம் ஆலையில் வேலை செய்யும் என் அக்காள் மகன் போன் செய்தான். "மாமா, பின்குளத்துக்குப் புதுப் பம்பு வாங்கப் போறாங்க, என்ன பார்க்கணும்?" என்றான். இரண்டு பக்கமும் தடக்குழாய் வைத்து, சங்கிலியால் இழுத்தால் தானே மேலே வருகிற மாதிரி கேள், அப்போது யாரும் இறங்க வேண்டாம் என்றேன். திருப்பி நீர் வராமல் தடுக்கும் வால்வு பந்து வைத்ததாக இருக்கட்டும், கதவு வைத்ததில் கீலில் நார் மாட்டும் என்றேன். சங்கிலிக்கு மட்டும் சாதாரண இரும்பு வேண்டாம், துருப்பிடிக்காத எஃகு கேள் என்று இரண்டு முறை சொன்னேன். அந்தக் காற்றில் இரும்புச் சங்கிலி அரித்துப்போய், பம்பைத் தூக்கும்போதுதான் அறும். அறுந்தால் மறுபடியும் ஓர் ஆள் இறங்க வேண்டும்.