கட்ச் நிலத்தின் பிளவுகள்

பூமியின் மேலோட்டில் விரிசல் இல்லாத பாறை அரிது. ஆனால் எல்லா விரிசலும் பிளவு ஆகிவிடாது. விரிசலின் இரு பக்கத்துப் பாறைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இடம் மாறியிருந்தால்தான் நிலவியலில் அது பிளவு. அந்த இடமாற்றம் ஒரு விரற்கடையாகவும் இருக்கலாம், நூற்றுக்கணக்கான கிலோமீட்டராகவும் இருக்கலாம். நகர்ந்த திசையை வைத்துப் பிளவுகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். மேலோடு இழுபடும்போது, சாய்ந்த பிளவுத் தளத்தின்மேல் இருக்கும் பாறை வழுக்கிக் கீழே இறங்கினால் அது இயல்புப் பிளவு. கிழக்கு ஆப்பிரிக்காவின் நீண்ட பள்ளத்தாக்குகளும், 1,470 மீட்டர் ஆழமுள்ள டாங்கனிக்கா ஏரியும் இப்படி உண்டானவை. மேலோடு நெருக்கப்படும்போது அதே பாறை மேலே ஏறினால் எதிர்ப் பிளவு. இமயமலையை உயர்த்திக்கொண்டிருப்பவை இந்த வகைதான். ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் பாறைகள் பக்கவாட்டில் விலகினால் பக்கவாட்டுப் பிளவு. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு இதற்குப் பேர்போனது.

பெரும்பாலான பிளவுகள் அன்றாடம் நகர்வதில்லை. உராய்வு அவற்றை நூற்றாண்டுக்கணக்கில் பிடித்து நிறுத்திவைக்கிறது. புவித்தட்டுகள் மட்டும் ஓயாமல் நகர்ந்துகொண்டிருப்பதால் பிளவின் இருபுறத்துப் பாறையும் மெல்ல மெல்ல வளைகிறது. உராய்வு தாங்காமல் போகும் நொடியில், வளைத்துப் பிடித்த மூங்கில் கைநழுவியதும் நிமிர்வதைப் போல, பாறை ஒரே வீச்சில் நிமிர்கிறது. அந்த வீச்சுதான் நிலநடுக்கம். 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவைக் குலைத்த நடுக்கத்தில் வேலிகளும் சாலைகளும் சில இடங்களில் 6 மீட்டர் வரை விலகிக் கிடந்தன. அந்த அளவீடுகளை ஆராய்ந்த ஹாரி ஃபீல்டிங் ரீட் 1910இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்.

ஒரு பெரிய நடுக்கத்தில் பிளவு நகரும் தொலைவு பெரும்பாலும் சில மீட்டர்தான். அந்தச் சில மீட்டரால் நிலத்துக்கு என்ன நேரும் என்பது பிளவை மட்டும் பொறுத்ததல்ல. மலைச் சரிவில் மூன்று மீட்டர் உயர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் சமவெளியில் அதே மூன்று மீட்டர் ஓர் ஆற்றை நிறுத்திவிடும், ஊர்களின் பிழைப்பையே மாற்றிவிடும். மலையும் சமவெளியும் பக்கம்பக்கமாக அமைந்து, இரண்டையும் ஒரே குடும்பத்துப் பிளவுகள் வடிவமைத்திருக்கும் நிலம் குஜராத்தின் கட்ச்.

கட்ச் பகுதியின் வடக்கே இருப்பது பெரிய ராண். மழைக்காலத்தில் முழங்காலளவு நீர் நிற்கும். வெயில் ஏறினால் நீர் வற்றி, கண்ணுக்கெட்டியவரை வெள்ளை உப்பு படியும். தெற்கே கட்ச் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே கிழக்கு மேற்காக நீளும் குன்று வரிசைகள். ராணின் உள்ளேயும் பச்சம், காதிர், பேலா எனப் பாறைத் தீவுகள் ஒரே வரிசையில் எழுந்து நிற்கின்றன. தாறுமாறாகச் சிதறிய குன்றுகளில் இந்த ஒழுங்கு இருக்காது. நிலத்தடியில் கிழக்கு மேற்காக ஓடும் பிளவுகளின் வரிசைதான் மேலே குன்றுகளின் வரிசையாகத் தெரிகிறது. வடக்கிலிருந்து நகர் பார்க்கர் பிளவு, அல்லா பந்த் பிளவு, தீவு வரிசைப் பிளவு, கட்ச் பெருநிலப் பிளவு, கத்ரோல் குன்றுப் பிளவு என்று நிலவியலாளர்கள் இவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிளவுகள் பிறந்தபோது அவற்றின் வேலை வேறாக இருந்தது. கோண்டுவானா பெருங்கண்டம் உடையத் தொடங்கிய காலத்தில் இந்தியாவின் மேற்கு விளிம்பு இழுபட்டது. கட்ச் பகுதியில் மேலோடு மெலிந்து, இயல்புப் பிளவுகளின் நெடுகத் துண்டு துண்டாகக் கீழே இறங்கியது. உண்டான பள்ளத்தில் ஜுராசிக் காலக் கடல் புகுந்து மணலையும் களிமண்ணையும் சுண்ணாம்பையும் அடுக்கியது. 2 முதல் 3 கிலோமீட்டர் தடிமனுக்குச் சேர்ந்த அந்தப் படிவுகளில் கிடைக்கும் அம்மோனைட்டு ஓடுகளால்தான் கட்ச் உலகத் தொல்லுயிரியலில் பெயர் பெற்றது. பள்ளம் அகன்று கடலாகிவிடவில்லை. விரிவு பாதியிலேயே நின்றது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்து எரிமலைக் குழம்பு இதன் தென்பகுதியின்மேல் பரவியது.

பிறகு இந்தியத் தட்டு வடக்கே சென்று ஆசியாவோடு மோதியது. இழுபட்டுக் கிடந்த கட்ச் இப்போது வடக்கு தெற்காக நெருக்குண்டது. நெருக்கம் புதிதாகப் பாறையை உடைப்பதைவிட, முன்பே உடைந்த இடத்தில் நகர்த்துவது எளிது. அதனால் பழைய பிளவுகளே திரும்பவும் இயங்கின, எதிர்த் திசையில். முன்பு இறங்கிய துண்டுகள் ஏறத் தொடங்கின. கடலடியில் படிந்த ஜுராசிக் பாறை இன்று குன்றின் உச்சியில் கிடப்பதற்குக் காரணம் இந்தத் திசைமாற்றம். தட்டின் விளிம்பிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தும் கட்ச் பகுதியில் பெரும் நடுக்கங்கள் நேர்வதற்கும் இந்தப் பழைய பலவீனம்தான் அடிப்படை.

ஒரு குன்றைப் பிளவு தூக்கிவிட்டதா, மழையும் காற்றும் மட்டும் செதுக்கினவா என்பதை அதன் இரு சரிவுகளையும் ஒப்பிட்டு ஓரளவு சொல்லிவிடலாம். கட்ச் குன்றுகளுக்கு முன்பக்கம், முதுகுப்பக்கம் என்று உண்டு. வடக்கு முகம் செங்குத்து. தெற்கே பாறை அடுக்குகள் மெதுவாகச் சாய்ந்து இறங்குகின்றன. பிளவு வடக்கு அடிவாரத்தை ஒட்டி ஓட, அதன் தெற்குத் துண்டு உயர்ந்து பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கட்ச் பகுதியின் மிக உயரமான இடமான காலா துங்கர் பச்சம் தீவில் இருக்கிறது. உயரம் சுமார் 460 மீட்டர். அங்கே ஏறி வடக்கே பார்ப்பவருக்கு இடையில் எந்தத் தடையும் இல்லாமல் ராண் காலடியில் விரிகிறது. காதிர் தீவும் இதே வார்ப்பு. சிந்துவெளி நகரமான தோலாவிரா அமைந்தது அந்தத் தீவின் வடமேற்கு ஓரத்தில். அங்கே அகழ்ந்தவர்கள் பழங்கால நிலநடுக்கச் சேதத்தின் தடயங்களையும் கண்டிருக்கிறார்கள்.

பிளவை ஓடைகளும் காட்டிக்கொடுக்கின்றன. நடு மேட்டிலிருந்து வடக்கே ஓடுபவை பிளவைக் கடக்கும் இடத்தில் குறுகிய ஆழமான பள்ளங்களை அறுக்கின்றன. நிலம் உயர உயர, ஓடை தன் பழைய மட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கீழே வெட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. மலையைவிட்டு வெளியே வந்ததும் வேகம் குறைந்து, சுமந்துவந்த கூழாங்கல்லையும் மணலையும் அடிவாரத்தில் விசிறி வடிவில் கொட்டுகிறது. அந்த விசிறிகளுக்கு அப்பால் பன்னிப் புல்வெளி, அதற்கும் அப்பால் உப்பு. சில நூறு மீட்டர் உயரமுள்ள குன்று ஒரே நடுக்கத்தில் எழுந்ததல்ல. முறைக்குச் சில மீட்டராக எத்தனையோ முறை உயர்ந்து, இடைப்பட்ட காலத்தில் அரிப்பு தின்றது போக மிஞ்சியதுதான் இன்றைய உயரம்.

அப்படியொரு முறையை மனிதர்கள் நேரில் பார்த்தது 1819 ஜூன் 16 மாலையில். அந்த நடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 7.7 ஆக இருந்திருக்கலாம் என்று பின்னாளில் கணித்திருக்கிறார்கள். பூஜ் நகரம் இடிந்தது. கட்ச் பகுதியில் 1,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொலைவில் அகமதாபாத் ஜும்மா மசூதியின் மினார்கள் சரிந்தன. ராணின் மேற்குப் பகுதியில், சிந்து நதியின் பழைய கிளை ஒன்றின் கரையில் சிந்த்ரி என்ற சிறிய கோட்டை இருந்தது. படகுகளிடம் சுங்கம் வாங்கும் இடம் அது. நடுக்கத்தையொட்டிக் கோட்டையைச் சுற்றியிருந்த நிலம் தாழ்ந்தது. கோரி கழியின் வழியாகக் கடல் நீர் உள்ளே பாய்ந்து கோட்டையைச் சூழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் கோபுரத்தில் ஏறி இரவைக் கழித்து, மறுநாள் படகில் தப்பினார்கள். தாழ்ந்த நிலத்தில் நின்ற நீர் சிந்த்ரி ஏரியானது.

அவர்கள் வடக்கே பார்த்தபோது, அதுவரை வெறும் சமவெளியாக இருந்த இடத்தில் நீண்ட மேடு ஒன்று தெரிந்தது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம். உயரம் 3 முதல் 6 மீட்டர் வரை. தெற்கு முகம் சட்டென்று உயர்ந்து, வடக்கே தெரியாத அளவுக்கு மெல்லத் தாழ்ந்தது. குன்றுகளில் தெற்குத் துண்டு உயர்ந்தது என்றால் இங்கே உயர்ந்தது வடக்குத் துண்டு. வடக்கே சாய்ந்த எதிர்ப் பிளவு ஒன்று ஒரு பக்கத்தை ஏற்றி, மறு பக்கத்தை இறக்கிவிட்டிருந்தது. ஏரியும் மேடும் ஒரே அசைவின் இரண்டு பாதிகள்.

மேடு எழுந்தது ஆற்றின் குறுக்கே. ஆனால் அந்த ஆறு அதற்கு முன்பே மெலிந்துதான் இருந்தது. 1762இல் நடந்த ஜாரா போருக்குப் பின் சிந்து நாட்டை ஆண்ட குலாம் ஷா கல்ஹோரா, கட்ச் பகுதிக்கு நீர் போகாதபடி மேலே ஓர் அணை கட்டினார். அவருக்குப் பின்னும் அணைகள் எழுந்தன. துறைமுக ஊரான லக்பத் வட்டாரத்தில் நெல் விளைந்த வயல்கள் உப்பேறிப் பாழாயின. இந்த அணைகளிலிருந்து வேறுபடுத்தி, ஆள் கை படாமல் எழுந்த அணை என்ற பொருளில் ஊர் மக்கள் புதிய மேட்டை அல்லா பந்த் என்று அழைத்தார்கள். மனிதர்கள் தொடங்கியதைப் பிளவு முடித்துவைத்தது போல ஆயிற்று. எனினும் லக்பத் நலிந்த கதையை முழுக்கப் பிளவின் கணக்கில் எழுதுவது சரியல்ல. ஆறு வலுவோடு ஓடியிருந்தால் மேட்டை விரைவிலேயே அறுத்திருக்கும் என்பதற்கு அடுத்து நடந்ததே சான்று.

1826இல் சிந்து நதியில் பெருவெள்ளம் வந்தது. மேலே இருந்த அணைகளை உடைத்துக்கொண்டு பாய்ந்த நீர், அல்லா பந்தையும் குறுக்கே அறுத்துச் சிந்த்ரி ஏரியில் இறங்கியது. அடுத்த ஆண்டுகளில் அங்கே போன பிரிட்டிஷ் அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ், அறுபட்ட கரையில் சிப்பிகள் நிறைந்த களிமண் அடுக்குகளைக் கண்டார். யாரும் குவித்த மண்ணல்ல, கடலோரச் சமவெளியே அப்படியே உயர்ந்தது என்பதை அந்தச் சிப்பிகள் காட்டின. 1828இல் அவர் படகிலேயே சிந்த்ரிக்குப் போனார். ஒரு கோபுரம் மட்டும் நின்றது. இடிந்த மதில்களின் தலை நீருக்கு மேலே இரண்டு மூன்று அடி தெரிந்தது. இந்தத் தகவல்களைச் சார்லஸ் லயல் தம் ‘நிலவியல் கோட்பாடுகள்’ நூலில் சேர்த்தார். நிலம் கண்ணெதிரே உயரவும் தாழவும் கூடும் என்று வாதிட்ட அவருக்கு அது வலுவான ஆதாரம். பிளவுதான் நடுக்கத்தை உண்டாக்குகிறது என்ற தெளிவு அன்று யாருக்கும் இல்லை. அது முழுமையாக நிலைபெற ரீட் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெள்ளம் திறந்த வழி நிலைக்கவில்லை. ஆற்றுநீர் அந்தப் பக்கம் தொடர்ந்து வரவில்லை. 1801இல் பெரிய மதில் எழுப்பிய துறைமுகமான லக்பத் வணிகத்தை இழந்து, மதிலும் சில குடும்பங்களுமாகச் சுருங்கியது. அல்லா பந்த் இன்று இந்திய பாகிஸ்தான் எல்லையை ஒட்டி, மழையாலும் காற்றாலும் மழுங்கிக் கிடக்கிறது.

2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்கு நேர்ந்த நடுக்கம் வேறொரு பாடத்தைத் தந்தது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். பச்சாவ், அஞ்சார், பூஜ் நகரங்கள் பேரழிவுக்கு உள்ளாயின. அளவில் 1819 நடுக்கத்துக்கு இணையானதாக இருந்தும், பிளவின் அசைவு தரைவரை ஏறி வரவில்லை. 15 கிலோமீட்டருக்கும் கீழே தொடங்கிய உடைப்பு ஆழத்திலேயே நின்றுவிட்டது. புது மேடு எழவில்லை, சமவெளி படியாக உடையவில்லை. மாறாக, நீரில் ஊறிய மணல் குலுங்கிக் குழம்பாகி, தரையைப் பொத்துக்கொண்டு மண்ணும் நீருமாகப் பீறிட்டது. ராணில் பழைய ஆற்றுத் தடங்கள் நெடுக நீர் நிற்பது விண்கலப் படங்களில் தெரிந்தது. பின்னதிர்வுகளின் இருப்பிடங்களைக் கொண்டுதான் தெற்கே சாய்ந்த அந்தப் பிளவின் வடிவத்தை வரைய முடிந்தது. பழைய நிலப்படங்களில் கோடாக இல்லாத அதற்கு வடக்கு வாகட் பிளவு என்று பெயரிட்டார்கள்.

ஆகவே பிளவை நிலத்தோற்றத்தை வைத்து அறியும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. நேர்கோட்டில் நிற்கும் குன்றுகள், ஒரு பக்கம் மட்டும் செங்குத்தான சரிவு, வழிமாறிய ஓடை, அடிவாரத்து விசிறி இவையெல்லாம் தரைவரை வந்த பிளவுகளின் அடையாளங்கள். மண்ணுக்குள் மறைந்தவற்றுக்கு நிலநடுக்கப் பதிவுக் கருவிகளும், நிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்வதை அளக்கும் ஜி.பி.எஸ். நிலையங்களும் வேண்டும். பிளவின் குறுக்கே அகழி வெட்டி, துண்டுபட்ட மண் அடுக்குகளின் வயதைக் கணித்து, முந்தைய நடுக்கங்கள் எப்போது நேர்ந்தன என்று பார்க்கும் வேலையும் கத்ரோல் குன்றுப் பிளவு உள்ளிட்ட இடங்களில் நடந்திருக்கிறது. 2001 நடுக்கத்தின்போதே கட்ச் இந்திய வரைபடத்தில் மிக உயர்ந்த அபாயமுள்ள 5ஆம் மண்டலத்தில்தான் இருந்தது. அபாயத்தின் அளவைச் சொன்ன அந்த வரைபடம், அது எந்த வடிவில் வரும் என்பதைச் சொல்லவில்லை. குன்றடியில் கட்டடம் குலுங்கும், பன்னியில் மண் குழம்பும், ராணில் ஒரு கை உயரம் நிலம் மாறினாலும் நீர் வேறு பக்கம் போகும். பிளவின் வரைபடத்தோடு நிலமட்டத்தின் வரைபடத்தையும் நீரோட்டத்தின் வரைபடத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வடிவம் தெரியவரும்.