முதல் மழையில் மண் விடும் மூச்சு

சித்திரையில் தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியெல்லாம் வெறும் செம்மண் கொல்லைதான். ராகி அறுத்து மாதங்கள் ஆகியிருக்கும். அடிக்கட்டையையும் மாடு மேய்ந்திருக்கும். முதல் கோடை மழை விழுந்ததும் மண்வாசனை எழும். கூடவே கண்ணுக்குத் தெரியாமல் கரிமச்சத்தும் வெளியேறும். காய்ந்து கிடந்த நுண்ணுயிர்கள் ஈரம் பட்டதும் விழித்து, மட்கைத் தின்று, கரியமில வாயுவாக மூச்சு விடுகின்றன. மண்சூடு 10 டிகிரி கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெயில் ஏறி, மழையும் விட்டுவிட்டுக் கொட்டும் இக்காலத்தில் மட்கின் செலவு வரவை மிஞ்சிவிடுகிறது.

காற்றில் கரியமில வாயு கூடினால் பயிர் செழிக்குமே என்பார்கள். கொள்ளு, நிலக்கடலைக்கு அது ஓரளவு உண்மை. ராகி, சாமை, சோளம் வேறு வகை; அவற்றுக்குப் பெரிய லாபமில்லை.

வத்தல்மலை ஏறினால் காப்பிச் செடிக்கு மேலே நிழல் மரம், கீழே உதிர்ந்த இலை. மண் குளிர்ந்திருப்பதால் மட்கு தங்குகிறது. சமவெளி மானாவாரியில் அவ்வளவு நிழலுக்கு வழியில்லைதான். தட்டு மாட்டுக்குப் போவதில் தவறில்லை. அந்த எரு அதே கொல்லைக்குத் திரும்ப வேண்டும். அதை லோடு கணக்கில் விற்றுவிட்டு யூரியா மூட்டை வாங்குவதுதான் நஷ்டக் கணக்கு. ராகியோ சாமையோ அறுத்த ஈரத்தில் கொள்ளு விதைத்தால், பனியிலேயே படர்ந்து மண்ணை மூடிக்கொள்ளும்.