அம்மா சும்மா இருக்கவில்லை

மார்கழி மாத விடியற்காலை. பால் வாங்கச் சென்ற அம்மாவைத் தவறான பக்கத்தில் விரைந்து வந்த கார் ஒன்று மோதித் தள்ளியது. வலது முழங்கை முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, கைதான் இன்றும் முழுதாய் மடங்குவதில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்டு மனுச் செய்ய வழக்கறிஞரிடம் போனோம். அவருடைய குமாஸ்தா, "அம்மாவுக்கு வருமானம் என்ன?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை. வீட்டில் சும்மாதான் இருக்கிறார்கள்" என்றேன் நான். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

வழக்கறிஞர் நிமிர்ந்து பார்த்தார். "சும்மாவா, தம்பி? இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலும் 2021இலும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அவ்வாறு கணக்கிட்ட ஆண்டு வருமானத்தில், காயத்தால் உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்ததோ அந்தப் பங்கை எடுப்பார்கள். அம்மாவுக்கு வயது 43. ஆகவே, 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அதை 14ஆல் பெருக்குவார்கள்" என்றார்.

அன்றிரவு மாவாட்டியதும் குடம் சுமந்ததும் நான்தான். படுக்கும்போது மணி பதினொன்று. அம்மா இருபது ஆண்டுகளாகச் "சும்மா இருந்தது" இப்படித்தான்!

வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பாயம் என்ன தொகை அளிக்குமோ, அறியேன். என் அன்னைக்கு நான் போட்டிருந்த மதிப்பு பூஜ்யம் என்பதை மட்டும் அறிந்துகொண்டேன். நண்பர்களே, உங்கள் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.