முறிந்த ஸ்டட்டுக்கு என்ன கூலி?

பழைய அம்பாசடர், பத்மினி கார்களைப் பிரிக்கும் பட்டறைகளில் நான் அதிகம் கவனித்தது ஒரு சின்ன வேலையை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை எஞ்சின் ஹெட்டோடு பிடித்து வைத்திருக்கும் ஸ்டட் முறிந்தால், உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை வெளியே எடுக்கும் வேலை. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத துண்டுதான். அதற்கு அரை நாள் ஆகிறது என்றால் வண்டிக்காரர் முகம் சுளிக்கிறார். பலமாக ஒரு திருகு திருகினால் வந்துவிடாதா என்கிறார். வராது. முழு நட்டும் இருந்தபோது போட்ட பலத்தில்தான் அது முறிந்தது. இந்த வேலையைச் சூடும் காத்திருப்பும்தான் முடிக்கின்றன என்பதால், கூலியையும் அவற்றுக்கே தர வேண்டும் என்கிறேன்.

முறிவதன் காரணத்தைப் பார்த்தாலே இது விளங்கும். அரை மீட்டர் நீள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 500 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். தண்ணீர் ஓடும் ஹெட் அந்த அளவுக்குச் சூடாவதில்லை, நீள்வதுமில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் நடக்கும் இந்த இழுபறியை ஓரத்து ஸ்டட்டுகள்தான் அதிகம் தாங்குகின்றன. பெரும்பாலும் முதலில் முறிவதும் அவைதான். துருவோ தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு மரையை இறுக்கிவிடுகிறது. கைக்குக் கிடைத்த நட்டைப் போடும் பழக்கம் வேறு. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் இருப்பது அங்குல மரை. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் நட்டு ஓரிரு சுற்று ஏறிவிட்டுச் சிக்கும். அதற்கு மேலும் ஸ்பேனரை அழுத்துகிறவர் அடுத்த முறிவுக்கு அன்றே வழிசெய்கிறார்.

கைதேர்ந்தவர்கள் செய்வது இது: துண்டின் தலையில் வெல்டிங் பொட்டு வைத்து உயர்த்தி, அதன்மேல் ஒரு வாஷர், வாஷர்மேல் ஒரு நட்டு என்று பற்றவைக்கிறார்கள். சூடான துண்டு விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள ஹெட் விடுவதில்லை. நசுங்கிய துண்டு, ஆறும்போது முன்பிருந்ததைவிடச் சற்றே சுருங்குகிறது. துருவின் பிடியும் உடைகிறது. பிறகு முன்னும் பின்னுமாக ஆட்டி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுகிறார்கள். பற்றவைத்த நட்டு பிய்ந்து வந்தால் இன்னொன்று. இடையில் கை கட்டி நிற்கும் நேரம் இருக்கிறதே, வண்டிக்காரர் வெட்டி நேரம் என்று நினைப்பது அதைத்தான்.

இதற்கு மாறாக, துண்டில் துளை போட்டு எக்ஸ்ட்ராக்டரை இறக்கித் திருகலாமே என்பார்கள். அது கடினப்படுத்திய எஃகு, வளையாது, உடையும். உள்ளே உடைந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. பழுது இரண்டு மடங்கு. துண்டு மிக ஆழத்தில் முறிந்து வெல்டிங் எட்டவில்லை என்றால், சென்டர் பஞ்ச் அடித்து நடுவில் சரியாகத் துளையிட்டு, புதிய மரை அடிப்பதே மேல். அதற்கும் கோணம் தவறக் கூடாது. தவறும் என்று தோன்றினால் ஹெட்டை இறக்கி லேத் பட்டறைக்கு அனுப்புவதில் வெட்கமில்லை.

வெல்டிங் ஆபத்து என்ற ஆட்சேபத்தை நான் தள்ளவில்லை. அம்பாசடரில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் எஞ்சினின் ஒரே பக்கம். கார்புரேட்டரைக் கழற்றாமல், பெட்ரோல் குழாயை அடைக்காமல், துரு இளக ஊற்றிய மண்ணெண்ணெயைத் துடைக்காமல் பொறி பறக்கவிடுவது தீக்குச்சியோடு விளையாடுவதுதான். பேட்டரியையும் பிரித்துவிட வேண்டும். பத்மினியின் ஹெட் அலுமினியம் என்பதால் வெல்டிங் அதில் ஒட்டாது, அது வசதிதான். ஆனால் கேஸ் நெருப்பை நேரே காட்டினால், அலுமினியம் இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரியில் உருகிவிடும். இவையெல்லாம் வேலையை நிதானமாகச் செய்யச் சொல்லும் காரணங்கள்; வெல்டிங்கைக் கைவிடச் சொல்பவை அல்ல.

ஒரு ஸ்டட் இல்லாமலே வண்டி ஓடுகிறதே என்றால், ஓடும்தான்; பாரம் பக்கத்து ஸ்டட்டுக்குப் போகும், கேஸ்கெட் வழியே புகை கசியும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் மதியத்துக்குள் வேண்டும் என்று நெருக்காதீர்கள். வெல்டருக்குத் தனியாகவும், மெக்கானிக்கின் அரை நாளுக்கு முழுதாகவும் கூலியைப் பேசிவிட்டு வண்டியை விடுங்கள்.