குனிதாச்சியில் ஒரு கைப்பக்குவப் பாடம்

டோக்கியோவில் ஷின்ஜுகு ஸ்டேஷனில் சூவோ லைன் ரயிலேறி மேற்கே போனால், முக்கால் மணிக்குள் குனிதாச்சி வந்துவிடுகிறது. கொகுபுஞ்ஜி, தாச்சிகாவா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே இருக்கிறதல்லவா? இரண்டு பெயரிலிருந்தும் முதல் எழுத்தை எடுத்துக் கோத்து வைத்த பெயராம்!

வெளியே வந்ததும் சிவப்பு முக்கோணக் கூரை போட்ட பழைய ஸ்டேஷன் கட்டடம். 1926ல் கட்டியது. தண்டவாளத்தை உயர்த்துவதற்காக 2006ல் பிரித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு மனசு கேட்குமா? மரங்களைப் பத்திரப்படுத்தி வைத்து, 2020ல் பழையபடியே நிறுத்திவிட்டார்கள்.

அங்கிருந்து நேராக ஓர் அகலச் சாலை. செர்ரி மரங்களும் கிங்கோ மரங்களும் வரிசை கட்டி நிற்கின்றன. சாலையின் இரு பக்கமும் பரந்திருப்பதுதான் ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகம். 1875ல் மோரி அரினோரி என்பவர் கின்ஸாவில் வியாபாரம் கற்றுத் தரத் தொடங்கிய சின்னப் பள்ளி இப்படி வளர்ந்திருக்கிறது. 1923 பூகம்பத்தில் நகரத்துக் கட்டடங்கள் பாழாகவே, இங்கே குடிவந்தது. 1927ல் கட்டிய கனெமாத்சு மண்டபத்தில் விசித்திர மிருகங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் பார்த்தால் நகரவே மாட்டார்கள்.

புதிய தொழில்நுட்பம் எப்படிப் பிறக்கிறது, அதை எப்படி நிர்வகிப்பது என்று ஆராய்வதற்கென்றே 1997ல் இங்கே ஒரு மையம் அமைத்தார்கள்.

"நிர்வாகம்னா லாப நஷ்டக் கணக்குதானே? அதிலே உனக்கு என்ன சுவாரசியம்?" என்றார் என் கணவர்.

"கணக்கில்லீங்க, ரொட்டி மாவு!" என்றேன்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் பேராசிரியராக இருந்தவர் நொனாகா இகுஜிரோ. 2025 ஜனவரியில் காலமானார். அவர் எழுதி உலகமெங்கும் பரவிய கதை இது.

1985ல் ஒசாகாவின் மாத்சுஷிதா கம்பெனி (இன்றைய பானாசோனிக்) வீட்டிலேயே ரொட்டி செய்யும் மெஷின் ஒன்றைத் தயாரிக்க முயன்றது. மேல்தோல் கருகிற்று, உள்ளே வேகவில்லை. மெஷின் பிசைந்த மாவையும் ஆள் பிசைந்த மாவையும் எக்ஸ்ரேகூட எடுத்துப் பார்த்தார்களாம். ஊஹும்!

அப்போது தனாகா இகுகோ என்ற பெண் ஒரு யோசனை சொன்னார். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர் அவர். ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ச் சிஷ்யையாகச் சேர்ந்தார். மாவை இழுக்கும்போது அந்தக் கை கூடவே ஒரு முறுக்கும் கொடுப்பதைக் கவனித்தார். எந்தக் குறிப்பிலும் இல்லாத முறுக்கு! என்ஜினீயர்களோடு சேர்ந்து ஒரு வருஷம் செய்து செய்து பார்த்து, மெஷினுக்குள் விசேஷ வரம்புகள் வைத்து அதைக் கொண்டுவந்தார்கள். 1987ல் மெஷின் கடைக்கு வந்து, அமோகமாக விற்றது.

எழுத்தில் வராத அறிவு கையிலும் கண்ணிலும் இருக்கிறது, கூடவே நின்று பழகினால்தான் அது கைமாறும் என்பது நொனாகாவின் வாதம். நாம் இதைத்தானே கைப்பக்குவம் என்கிறோம்! அதற்குப் பல்கலைக்கழகத்தில் நாற்காலி கிடைத்ததில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

முழுக் கலையும் மெஷினுக்குள் போய்விட்டதா என்றால், இல்லை. 2007ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். மாவையும் ஈஸ்ட்டையும் சரியாக அளந்து போட ஒரு மனுஷி வேண்டும். ரொட்டி நன்றாக வந்திருக்கிறதா என்று சொல்லவும் ஆள் வேண்டும்.

அந்த ரொட்டிக்காரரின் கைக்கு ஒரு சிஷ்யை கிடைத்தாள். கிடைக்காமல் போகிற கைகள் எத்தனையோ! உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் அளவு எழுதி வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். அடுத்த தடவை அவர்கள் மாவு பிசையும்போது, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கை வையுங்கள்.