தாத்தாவின் பலகைத் திண்ணையும் நான் செய்த தப்பும்!

2023 டிசம்பர் 18. சென்னை ஆபீஸில் உட்கார்ந்து, 'காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை' என்று அப்டேட் போட்டது நான்தான். காயல்பட்டினத்தை ஒட்டி இருக்கும் சாகுபுரம்தான் என் ஊர். நான் போட்ட செய்தி ஆயிரக்கணக்கான போன்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் வீட்டுக்குப் போட்ட போன் மட்டும் போகவே இல்லை.

மூன்றாம் நாள்தான் அப்பாவின் குரல் கேட்டது. "எல்லாரும் நல்லாருக்கோம்மா. தாத்தா திண்ணதான் சேத்துக்குள்ள கெடக்கு. ஆச்சி அதப் பாத்துப் பாத்து அழுதுட்டு இருக்கா."

தாத்தா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்தவர். பழைய தோணி ஒன்றைப் பிரித்தபோது பலகைகளை வாங்கி வந்து, வீட்டு முன்னால் செங்கல் கட்டைகள் மேல் வரிசையாக அடித்துத் திண்ணை போட்டார். இப்போது ரிசார்ட்டுகளில் 'டெக்' என்கிறார்களே, அதேதான். சுற்றிலும் உப்பளம், காற்றிலேயே உப்பு. இரும்புக் கேட்டே துருப்பிடித்து உதிரும் எங்கள் ஊரில், அந்தப் பலகைகள் அசையாமல் கிடந்தன. தாத்தா போன பிறகு ஆச்சியின் சாயங்காலம் முழுக்க அங்கேதான்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனேன். "பேத்துட்டு டைல்ஸ் போட்டுரலாம்" என்றார் அப்பா. ஆச்சி வாயே திறக்கவில்லை. "நான் சரி பண்றேன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன்.

பைக் கழுவும் பிரஷர் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். வெள்ளத்துக்குப் பிறகு வீட்டில் இருந்த பிளீச்சிங் பவுடரையும் கரைத்து ஊற்றி, வேகமாகத் தண்ணீர் அடித்தேன். சேறெல்லாம் போய்ப் பலகை பளிச்சென்று ஆனது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தேன்.

மறுநாள் காய்ந்ததும்தான் தெரிந்தது. பலகை முழுக்க நார் நாராகப் பிய்ந்து நின்றது. ஆச்சி உட்காரப்போய், கையில் சிலாம்பு ஏறி எழுந்துவிட்டார். "தாத்தா இருந்தா உன்ன வைவாரு ஏட்டி" என்று சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அப்பா, தாத்தாவின் கூட்டாளி ஒருவரை அழைத்து வந்தார். எண்பதைத் தொட்டவர், ஓடாவி. எங்கள் கடற்கரையில் தோணி கட்டும் ஆசாரியை அப்படித்தான் சொல்வோம். பலகையைத் தடவிப் பார்த்தவர், "ஏ பிள்ள, தோணி தண்ணியிலதான கெடக்கு? மரத்துக்குத் தண்ணி பகை இல்ல. தங்குற தண்ணிதான் பகை. அதுலயும் மழத்தண்ணி தங்குனாத்தான் மக்கும்" என்றார்.

நான் செய்த தப்பு அப்போதுதான் புரிந்தது. மர நார்களைப் பிடித்து வைத்திருப்பது 'லிக்னின்' என்ற பசை. வெயில் அதை அரிக்கும்; பிளீச்சிங்கும் அரிக்கும். அது போன இடத்தில் வேகமாகத் தண்ணீரை அடித்தால் நார் பிய்யாமல் என்ன செய்யும்?

அவர் சொன்னபடி முதலில் பலகை இடுக்குகளில் அடைத்திருந்த சேற்றைப் பழைய ஹேக்ஸா பிளேடால் சுரண்டினேன். இடுக்கு திறந்தால்தான் தண்ணீர் கீழே வடியும், அடியில் காற்று ஓடும். பிறகு கொஞ்சம் சோப்புத் தண்ணீர், தென்னைநார் பிரஷ். மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, வாளித் தண்ணீரால் கழுவினேன். துருப்பிடித்துக் கறுப்புக் கறை விட்ட ஆணிகளைப் பிடுங்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ போட்டோம்.

இரண்டு வாரம் நன்றாகக் காயவிட்டோம். லீவு முடிந்து சென்னைக்குப் போன நான், ஒரு வார இறுதியில் திரும்பி வந்து உப்புத்தாள் போட்டேன். முதலில் 80, பிறகு 120.

கடைசியாக எண்ணெய். தோணிக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். வீட்டுக்கு அந்த வாசனை ஆகாதே! பெயின்ட் கடையில் கிடைக்கும் பாயில்டு லின்சீட் ஆயிலைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசினேன். கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுக்கும். வார்னிஷ் வேண்டாம் என்றார் ஓடாவி. வெயிலில் அது உரிந்து, அடியில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

ஒரு எச்சரிக்கை: லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவையுங்கள்.

மொட்டை மாடி ஊஞ்சலோ, தோட்டத்து பெஞ்சோ, உங்கள் வீட்டு மரத்துக்கும் இதே வைத்தியம்தான். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் கவலையில்லை. உறிஞ்சிக் கறுத்தால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். ஐப்பசி மழைக்கு முன்னால் பூசிவிடுங்கள்.

அப்பா டைல்ஸ் பேச்சை எடுப்பதில்லை. ஓரத்தில் இரண்டு பலகைகளை மட்டும் காப்பாற்ற முடியாமல் புதிதாகப் போட்டோம். நிறம் ஒட்டவே இல்லை. ஊருக்குப் போனால் ஆச்சி அந்த இரண்டையும் தட்டிக் காட்டி, "இது உன் இடம், வந்து உக்காரு" என்கிறார்.