எரிமலைக்குப் பக்கத்து வீட்டுக்காரன்

இந்தோனேசியாவில் யோக்யகர்த்தாவுக்குக் குடிவந்த புதுசுல தங்கமணி கேட்ட முதல் கேள்வி: "அந்த மலை வெடிச்சா என்ன பண்றது?" எங்க வீட்டுக்கு வடக்கே 30 கிலோமீட்டர்ல மெராபி. மேகமில்லாத காலையில மொட்டைமாடியிலிருந்தே புகை தெரியும். அதைப் பார்த்துக்கிட்டே பல் விளக்கப் பழகியாச்சு :)

போன மாசம் ஜீப் பிடிச்சு அடிவாரம் வரைக்கும் போனோம். உச்சிக்கு ஏற அனுமதி இல்லை. 2010-ல் வெடிச்சப்போ 350 பேருக்கு மேல செத்திருக்காங்க. மலைக் காவலர் மரிஜான் தாத்தா, இறங்கி வர மாட்டேன்னு ஊரிலேயே இருந்து உயிரை விட்டார். எரிஞ்ச வீடு ஒண்ணை அப்படியே மியூசியமா வச்சிருக்காங்க. மாட்டு எலும்புக்கூடு, உருகின பாத்திரங்கள், நவம்பர் 5 நள்ளிரவு 12:05-ல நின்னுபோன சுவர்க்கடிகாரம்.

ஜீப் ஓட்டினவருக்கும் மாடெல்லாம் அதுல போச்சாம். "அப்புறம் ஏங்க திரும்ப இங்கேயே?"ன்னு கேட்டேன். பச்சைப்பசேல்னு இருந்த புல்லைக் காட்டினார். "சாம்பல் விழுந்த மண்ணு சார், எது வச்சாலும் வரும். இப்ப மறுபடி மூணு மாடு இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் தங்கமணி பாஸ்போர்ட், சர்டிபிகேட் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு வாசக்கதவுக்குப் பின்னாடி மாட்டினாங்க. அப்புறம் கொல்லையில போய் ஒரு முருங்கைக்குச்சி நட்டாங்க.

சாம்பல் மண்ணாம். நல்லா வருமாம்.